பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

உங்க சின்ன வயசு பிறந்தநாள் போட்டோ, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் வீட்டு மூலையில இருக்கிற பழைய டெஸ்க்டாப்லதான் இருக்கும். ஞாபகம் வந்து ஆன் பண்ற அன்னிக்குப் பார்த்து அது மக்கர் பண்ணும். பதறாதீங்க. கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னா போட்டோ போச்சுன்னு அர்த்தமில்லை.

ஃபேன் சுத்துது, ஆனா திரை கறுப்பாவே இருக்கு, கூடவே 'பீப் பீப்'னு சத்தமா? முதல்ல சந்தேகப்பட வேண்டியது ரேம். பிளக்கைக் கழற்றிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிங்க. மிச்ச மின்சாரம் வடிஞ்சிடும். ரேமைக் கழற்றி, அதோட தங்க நிற முனைகளை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க. துகளைத் தட்டிட்டு, 'க்ளிக்'னு உட்கார்ற வரை திரும்பப் பொருத்துங்க. பல கடைகள்லயும் முதல்ல இதைத்தான் செய்வாங்க!

தேதி பல வருஷம் பின்னாடி போய், 'எஃப்1' அழுத்தச் சொல்லுதா? மதர்போர்டுல இருக்கிற காசு மாதிரியான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது 'சி.ஆர் 2032'. வாட்ச் கடையிலயே கிடைக்கும்.

எதுவுமே அசையலைன்னா பவர் சப்ளை போயிருக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் நீங்களே பிரிக்காதீங்க. பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ள ஷாக் அடிக்கலாம்.

ஹார்டு டிஸ்க்ல 'டக் டக்'னு சத்தம் கேட்டா உடனே ஆஃப் பண்ணிடுங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்த்தா, மீட்க முடியுற போட்டோவும் போயிடலாம். கடைக்குக் கொண்டு போனா, 'டேட்டா வேணும், ஃபார்மட் வேண்டாம்'னு முதல்லயே சொல்லிடுங்க. கம்ப்யூட்டரே போனாலும், நல்லா இருக்கிற ஹார்டு டிஸ்க்கைத் தனியா கழற்றி, அதுக்குன்னே விக்கிற யூ.எஸ்.பி அடாப்டர்ல மாட்டி, லேப்டாப்ல காப்பி எடுத்துடலாம்.