திருவண்ணாமலை தந்த நகைச்சுவை

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் கூறினார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. பிறரை இகழ்வதால் தோன்றும் சிரிப்பு எள்ளலைச் சார்ந்தது. குழந்தைத் தன்மையால் தோன்றுவது இளமையைச் சார்ந்தது. அறியாமையால் தோன்றுவது பேதைமை. கேட்டதை ஆராயாமல் மெய்யென்று பற்றிக்கொள்வது மடன். சிரிக்க வைக்கும் எழுத்தாளர் எவரானாலும், அவருடைய சிரிப்பு இந்நான்கனுள் எதில் வேர் கொண்டது என்று பார்த்தால் அவருடைய உள்ளம் விளங்கிவிடும். இந்த அளவுகோலைக் கொண்டு, எஸ்.வி.வி. என்ற மூன்றெழுத்தால் புகழ்பெற்ற எஸ்.வி. விஜயராகவாச்சாரியாரின் நூல்களைச் சிறிது ஆராய்வோம்.

எஸ்.வி.வி. 1880-ஆம் ஆண்டில் பிறந்து 1950-ஆம் ஆண்டில் மறைந்தவர். திருவண்ணாமலையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். அண்ணாமலையார் கோயிலும் கார்த்திகைத் தீபமும் அவ்வூருக்கு என்றும் பெருமை தருபவை. அவர் வாழ்ந்த காலத்தில் ரமண மகரிஷி அம்மலையின் அடிவாரத்தில் இருந்தார். உலகைத் துறக்க விரும்பியவர்கள் அவ்வூரைத் தேடி வந்துகொண்டிருந்த அதே நாட்களில், அங்கே ஒரு வழக்கறிஞர் உலக வாழ்க்கையின் சின்னஞ்சிறு தொல்லைகளை எழுதிக்கொண்டிருந்தார். மகளுக்கு வரன் தேடுவது, விருந்தினர் வருவது, விடுமுறைக்குப் பயணம் புறப்படுவது ஆகியவையே அவர் எழுதிய பொருள்கள்.

தமிழில் நகைச்சுவையை வளர்த்தவர்களுள் சட்டத்துறையைச் சேர்ந்தவர்கள் சிலர் இருப்பதைக் காணலாம். 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். சபாபதி நாடகத்தைத் தந்த பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். இது வியப்பன்று. நீதிமன்றத்தில் மனிதர்கள் அற்ப விஷயங்களுக்காகப் பெரும்பொருள் செலவிடுகிறார்கள். மிகுந்த கம்பீரத்தோடு பொருந்தாதவற்றைப் பேசுகிறார்கள். பார்க்கும் கண் இருந்தால் அங்கே நகைக்குக் குறைவில்லை.

எஸ்.வி.வி.க்கு அந்தக் கண் இருந்தது. நீதிமன்றத்தில் ஒரு யானையின் சமயம் என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை ஒன்று பெயர்பெற்றது. கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமம் இடுவதா, தென்கலை நாமம் இடுவதா என்ற வழக்கே அதன் பொருள். யானை எந்த மதத்தையும் கோரவில்லை; கோருகிறவர்கள் மனிதர்கள். இவ்வழக்கைப் பகைத்து எழுதியிருந்தால் அது கண்டனமாகியிருக்கும். அவரோ தாம் பிறந்த வைணவ சமூகத்தின் பூசலையே எடுத்துக்கொண்டு, அதில் தொடர்புடையவர்களும் சிரிக்கும்படி எழுதினார்.

1920-களில் 'இந்து' நாளிதழில் வெளிவந்த அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் பின்னர் நூல்களாயின. 'சோப் பபிள்ஸ்', 'மோர் சோப் பபிள்ஸ்', 'மஸ்கிட்டோஸ் அட் மாம்பலம்', 'மச் டாட்டர்ட்', 'அலையன்ஸ் அட் எ டின்னர்' என்பன அவற்றுட் சில. சோப்புக் குமிழிகள் என்ற பெயரிலேயே அவருடைய அடக்கம் தெரிகிறது. இங்கிலாந்தில் 1889-இல் ஒரு படகில் மூவர் என்னும் நூலை எழுதிய ஜெரோம் கே. ஜெரோமும், எஸ்.வி.வி.க்கு ஓராண்டு பின்னே பிறந்த பி.ஜி. உட்ஹவுஸும் இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர்கள். உட்ஹவுஸின் நகைச்சுவை செல்வர் மாளிகைகளில் நிகழ்வது. எஸ்.வி.வி.யின் நகைச்சுவையோ நம் வீட்டுக் கூடத்திலும் அடுக்களையிலும் நிகழ்வது.

இங்கே நாம் நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் எழுதியது தமிழ்க் குடும்பத்தைப் பற்றி. எழுதிய மொழியோ ஆங்கிலம். அக்கட்டுரைகளில் வரும் மனைவியர், மாமியார், பாட்டிமார் பலருக்கு அந்தப் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. ஆகவே, ஆங்கிலம் கற்ற ஆடவர்கள் தங்கள் வீட்டாரைப் பற்றிப் படித்துத் தமக்குள் சிரித்துக்கொள்ளும் நிலை இருந்தது. எழுதுகிறவர் எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், எதிரில் இருப்பவருக்குப் புரியாத மொழியில் அவரைப் பற்றிச் சிரித்தால், அச்சிரிப்பில் எள்ளலின் சாயல் சிறிது படிந்துவிடுகிறது.

1933-இல் அந்நிலை மாறியது. எஸ்.எஸ். வாசன் நடத்த, கல்கி ஆசிரியப் பொறுப்பில் இருந்த 'ஆனந்த விகடன்' இதழில் 'தாக்ஷாயணியின் ஆனந்தம்' என்ற கதையின் மூலம் எஸ்.வி.வி. தமிழுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒரு மொழியில் புகழ் பெற்ற பின் மற்றொரு மொழியில் புதியவராக நுழைவது எளிதன்று. ஆனால் அதனால் விளைந்த பயன் பெரிது. கதையில் வந்த பெண்கள் இப்போது கதையைப் படிப்பவர்களானார்கள். 'உல்லாஸ வேளை', 'செல்லாத ரூபாய்', 'ராமமூர்த்தி', 'கோபாலன் ஐ.சி.எஸ்.', 'புது மாட்டுப்பெண்' முதலியவை பின்னர்த் தோன்றின.

அவருடைய முறை என்ன? வைரத்தோடு வாங்க நினைக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். எள்ளி நகைப்பவர் மனைவியின் ஆசையைக் கேலி செய்வார். எஸ்.வி.வி. காட்டும் வழி அதுவன்று. அவ்வழியில் எழுதுபவர் கணவனையே கதைசொல்லி ஆக்குவார். அவன் உறுதியாக மறுப்பான். மனைவி ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசமாட்டாள். அவனே காரணங்களை அடுக்குவான். அடுக்க அடுக்க ஒவ்வொரு காரணமும் வாங்குவதற்கே சாதகமாகிவிடும். இறுதியில் தன் யோசனைப்படியே தோடு வாங்கியதாக அவன் பெருமை கொள்வான். இதில் சிரிப்புக்கு இடமானது கதைசொல்லியின் பேதைமை. தொல்காப்பியர் கூறிய மூன்றாம் களன் இதுவே. தன்னைப் பேதையாக்கிக்கொள்ள அஞ்சாத எழுத்தாளரிடம் வாசகர் நெருங்கி வருகிறார்.

அவருடைய நடை எழுத்து நடையன்று, பேச்சு நடை. திண்ணையில் அமர்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது போன்ற ஓட்டம் அதில் உண்டு. வானொலிக்கு எழுத விரும்பும் மாணவர்கள் அந்நடையைக் கூர்ந்து கவனிக்கலாம்.

குறையும் கூறவேண்டும். அவர் காட்டிய உலகம் குறுகியது. ஆங்கிலம் கற்ற, உத்தியோகம் பார்த்த பிராமணக் குடும்பங்களே அதில் நிறைந்துள்ளன. கார்த்திகைச் சந்தைக்கு மாடு ஓட்டிவந்த உழவரின் வீட்டுச் சிரிப்பை அவரிடம் பெரும்பாலும் தேட முடியாது. வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்த மொழி இன்றைய மாணவருக்குச் சில இடங்களில் தடை செய்யும். ஆயினும் தாம் அறிந்த சிறிய உலகத்தை அவர் உண்மையாகக் காட்டினார். தாம் அறியாத வாழ்க்கையைக் கேலி செய்ய முற்படவில்லை.

ஆதலின், மாணவ நண்பர்களே, எஸ்.வி.வி.யின் நூல் ஒன்றைப் படியுங்கள்; கூடுமானால் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள். பிறகு நீங்கள் அறிந்த தெருவையும் வீட்டையும் பற்றி எழுதிப் பாருங்கள். எழுதியதை யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவரும் உங்களோடு சேர்ந்து சிரித்தால் அது நல்ல நகைச்சுவை.