லேஸ் பின்னக் கற்றுத் தரும் நூல்கள்: இணையத்தில் இலவசமாக!

கம்ப்யூட்டர் என்பது பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும்தான் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். கைவேலை தெரிந்தவர்களுக்கும் அது ஒரு பெரிய நூலகம்.

நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் வேலையைப் பெண்களுக்குக் கற்றுத் தந்தார். அந்த வேலை தெரிந்த அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அம்மா தந்த டிசைன் அட்டைகள் ஊசித் துளைகளால் கிழிந்து போயிருந்தன. "அட்டை போனால் டிசைனும் போச்சு தம்பி. கம்ப்யூட்டரில் புத்தகம் ஏதும் கிடைக்குமா?" என்றார். தேடியதில் கிடைத்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

எப்படித் தேடுவது?

வெறுமனே 'லேஸ்' என்று தேடினால் ஷூ லேஸும் புடவை பார்டரும்தான் வரும். தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளைக் கொண்டு பின்னுவது பாபின் லேஸ். ஊசியால் செய்வது நீடில் லேஸ். சிறு ஷட்டிலால் முடிச்சிடுவது டாட்டிங். இப்பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் கழித்தல் குறி இட்டால் அது தொடர்பானவை பெரும்பாலும் விலகிவிடும்.

எங்கே கிடைக்கும்?

முதலில் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்துக்குச் செல்லுங்கள். தெரேஸ் த டில்மான்ட் எழுதி 1886-ல் வெளிவந்த 'என்சைக்ளோபீடியா ஆஃப் நீடில்வொர்க்' நூலின் ஆங்கிலப் பதிப்பு அங்கே உள்ளது. டாட்டிங்குக்கும் லேஸ் வகைகளுக்கும் தனி அத்தியாயங்கள் உண்டு. வெறும் டெக்ஸ்ட் பைலை எடுத்தால் படங்கள் வராது. படங்களுடன் கூடிய ஹெச்.டி.எம்.எல். வடிவையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது இன்டர்நெட் ஆர்க்கைவ். ஸ்கேன் செய்த பழைய லேஸ் நூல்கள் பல இங்கே உள்ளன. காப்புரிமை முடிந்தவற்றை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். புதிய நூல்கள் சிலவற்றை இரவலாகத் திரையில் படிக்க மட்டுமே முடியும்.

ஆன்டீக் பேட்டர்ன் லைப்ரரி தளத்திலும் பழைய கைவேலை நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்னோபால் என்னும் கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரால்ஃப் கிரிஸ்வோல்டும் நெசவு, லேஸ் நூல்களைத் தேடித் திரட்டி ஸ்கேன் செய்து வைத்தார்.

கவனிக்க வேண்டியவை

பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100% என்று கொடுங்கள். அட்டையின் மேலேயே வைத்துப் பின்னுவதால், அளவு சுருங்கினால் துளைகள் நெருங்கிவிடும். நூலின் பருமன் பொருந்தாது. ஸ்கேன் செய்தவரே அளவை மாற்றியிருக்கவும் கூடும். ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்.

காப்புரிமை முடிந்த நூல்களின் பிரதிகளைச் சிலர் விலைக்கு விற்கிறார்கள். பணம் கட்டும் முன் மேலே சொன்ன தளங்களில் ஒருமுறை பாருங்கள். கிரெடிட் கார்டு எண் கேட்கும் 'இலவச' தளங்களை விட்டு விலகிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய டிசைன் அட்டைகள் இருந்தால், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அக்காவின் பதினொரு அட்டைகளை அப்படித்தான் சேமித்தோம். அவை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.