கடைசியில்தான் சூடு! கரி அடுப்பில் ஒரு தலைகீழ்ச் சமையல்

ஜூலை மாதம் 4-ந் தேதி, அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று மாலை பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் புகை எழும். கரி அடுப்பு, அதன் மேல் கம்பி வலை, வலையின் மேல் கனமான மாட்டிறைச்சித் துண்டுகள். இதைத்தான் "ஸ்டேக்" என்கிறார்கள். மற்ற நாளில் சமையற்கட்டுப் பக்கம் தலை காட்டாத ஆண்கள்கூட அன்று இடுக்கியும் கையுமாக நிற்பார்கள்!

நிற்பது எளிது. பக்குவமாகச் சுடுவதுதான் கஷ்டம். நல்ல ஸ்டேக் விலை கூடியது. ஒன்றரை அங்குலக் கனம் இருக்கும். வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருந்தால் விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். உள்ளே வேகட்டும் என்று விட்டுவிட்டாலோ, செருப்புத் தோல்தான்! வேகாததை மறுபடி வேக வைக்கலாம். அதிகம் வெந்துவிட்டதை என்ன செய்வது?

இந்தத் தொல்லைக்கு வந்த வழிதான் தலைகீழ் முறை.

ஜெர்மன் பேராசிரியர் சொன்னது

முதலில் கொதிக்கும் சூட்டில் இறைச்சியின் வெளிப்புறத்தைப் பொசுக்க வேண்டும். அப்போதுதான் சாறு உள்ளே அடைபடும். காலம் காலமாகச் சமையற்காரர்கள் நம்பி வந்தது இது. 1847-ம் ஆண்டில் இதை எழுதிப் பரப்பியவர் ஜெர்மனியின் புகழ் பெற்ற ரசாயன அறிஞர் லீபிக். பெரிய மனிதர் சொன்னார், உலகம் தலையாட்டியது.

ஆனால் அது தவறு. பொசுக்கிய இறைச்சியிலும் சாறு ஒழுகத்தான் செய்கிறது. பிற்காலத்தில் எடை போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஹரால்டு மக்கீ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1984-ல் வெளியிட்ட சமையல் விஞ்ஞான நூலில் இதை விளக்கினார்.

அப்படியானால் பொசுக்குவது வீணா? இல்லை. ருசி அதில்தான் இருக்கிறது! தோசை முறுகும்போது ஒரு மணம் வருகிறதே, அதே ரசாயன மாற்றம்தான் இறைச்சியிலும் நடக்கிறது. மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-ல் இதை விவரித்தார். பொசுக்குவது ருசிக்கு மட்டும்தான் என்றால், அதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? கடைசியில் செய்தால் என்ன? சாம்பாருக்குக் கடைசியில் தாளித்துக் கொட்டுவதில்லையா?

2007-ல் "குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்" என்ற அமெரிக்கச் சமையல் பத்திரிகையில் கெஞ்சி லோபஸ்-ஆல்ட் இந்த முறையை எழுதினார். கரி அடுப்புக்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

செய்வது எப்படி?

இதற்கு மூடி போட்ட அடுப்பு வேண்டும். அதற்கும் ஒரு கதை உண்டு. சிகாகோ பக்கத்தில் ஒரு உலோகத் தொழிற்சாலையில் கடல் மிதவைகள் செய்துகொண்டிருந்தார் ஜார்ஜ் ஸ்டீபன். திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் படுத்திய பாடு அவருக்குப் பொறுக்கவில்லை. 1952-ல் மிதவையின் உருண்டையை இரண்டாக்கினார். கீழ்ப் பாதி அடுப்பு, மேல் பாதி மூடி!

கரியைப் பற்ற வைத்து, சாம்பல் பூத்ததும் அடுப்பின் ஒரு பக்கமாகவே ஒதுக்க வேண்டும். உப்புத் தடவிய இறைச்சியை நெருப்பு இல்லாத மறு பக்கத்தில் வைத்து மூட வேண்டும். மூடியிலும் அடியிலும் உள்ள காற்றுத் துளைகளைக் குறைத்து, உள்சூட்டைச் சுமார் 110 முதல் 120 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிறுத்த வேண்டும். துளையை அகலத் திறந்தால் கரி சீறும்; சூடு ஏறிவிடும்.

அரை மணி நேரம் ஆகலாம். கனத்தைப் பொறுத்துக் கூடவும் ஆகலாம். கடிகாரத்தை நம்பக் கூடாது. ஊசி போன்ற உஷ்ணமானியைத் துண்டின் நடுவில் செருகிப் பார்க்க வேண்டும். சற்றே சிவந்த பக்குவத்தை விரும்புகிறவர்கள் 48 டிகிரி வந்ததும் எடுத்துவிடுவார்கள்.

இதற்குள் இன்னொரு வேலையும் நடந்திருக்கும். இறைச்சியின் மேல் ஈரம் காய்ந்திருக்கும். ஈரம் இருந்தால் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே போய்விடும்; முறுகலுக்கு வழி இல்லை. காய்ந்த துண்டை நெருப்புக்கு நேர் மேலே, மூடியைத் திறந்து வைத்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் வாட்டினால் போதும். உள்சூடு 54-க்கு வந்துவிடும். வெட்டிப் பார்த்தால் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே சிவப்பு.

அந்தச் சிவப்பு நீரை ரத்தம் என்று நினைத்து அருவருப்பவர்கள் உண்டு. அது ரத்தம் அல்ல. தசையில் உள்ள ஒரு நிறப் பொருள் கலந்த நீர்.

மெல்லிய துண்டுக்கு இந்த முறை உதவாது. சூடு ஏறுவதற்குள் வெந்துவிடும்.

கவனம் தேவை

அமெரிக்க விவசாய இலாகா சொல்வது வேறு. முழுத் துண்டு 63 டிகிரி வரை வேக வேண்டும். பிறகு 3 நிமிடம் ஆற வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் உள்ள வீட்டில் இந்தக் கணக்குத்தான் சரி. கொத்திய இறைச்சிக்கு 71 டிகிரி.

இதைவிடப் பெரிய ஆபத்து கரியில் இருக்கிறது. மழை வந்துவிட்டது என்று அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகைக்குள்ளோ கொண்டு போகவே கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். தீ அணைந்ததுபோல் தெரிந்தாலும் கனல் இருக்கும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும்.

சமையல் முடிந்ததும் அடுப்பை வெளியிலேயே விட்டு, மூடியைப் போட்டு, துளைகளை எல்லாம் அடைத்துவிடுகிறார்கள். காற்று இல்லாமல் நெருப்பு தானாக அவிந்துவிடும். மிச்சக் கரி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.