முப்பது வயதில் முகப்பரு: பூச வேண்டியதும் பூசக் கூடாததும்

“பள்ளியில் படித்தபோதுகூட எனக்குப் பரு வந்ததில்லை, இப்போது ஏன் வருகிறது?” தோல்நோய்ப் பிரிவுக்கு வரும் பெண்கள் பலர் கேட்கும் கேள்வி இது. 25 வயதுக்குப் பின்னும் தொடர்கிற, அல்லது அதன் பின்னரே புதிதாகத் தோன்றுகிற முகப்பரு ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி. தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் கட்டியாகத் தோன்றி, மாதவிலக்கை ஒட்டிச் சிவந்து வலிக்கும். முகத்தைச் சரியாகக் கழுவாததால் வருவதன்று இது. ஹார்மோன் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாய் இறந்த செல்களால் அடைபடுகிறது. உள்ளே கிருமி பெருகி அழற்சி உண்டாகிறது. மாதவிலக்கு ஒழுங்கின்றி வந்தாலோ முகத்தில் முடி வளர்ந்தாலோ சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனையும் தேவைப்படும்.

இன்று கண்ணுக்குத் தெரியும் பரு, தோலுக்குள் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே இன்று பூசும் மருந்து பெரும்பாலும் அடுத்த மாதத்துப் பருவையே தடுக்கிறது. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இதை அறியாமல் மூன்றாம் வாரத்தில் மருந்தை மாற்றுவோரே அதிகம்.

முதன்மையான பூச்சு அடாபலீன். பட்டாணி அளவு எடுத்து, இரவில், முகம் முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். பருவின்மேல் மட்டும் பொட்டு வைப்பதால் பயனில்லை. தொடக்கத்தில் தோல் வறண்டு உரியக்கூடும். அது ஒவ்வாமையன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, ஈரப்பதம் காக்கும் கிரீமையும் சேர்த்தால் சில வாரங்களில் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடே பெரும்பாலோருக்குப் போதும்; தலையணை உறையை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளை உறை நல்லது. நம் நிறத் தோலில் பரு ஆறிய பின்னும் கருந்தழும்பு பல மாதங்கள் நிற்கும். அதற்கு அசெலாயிக் அமிலமும் பகலில் சன்ஸ்கிரீனும் உதவும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தழும்பைக் கூட்டவே செய்யும்.

கருவுற்றிருப்போரும் கருவுறத் திட்டமிடுவோரும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் ஏற்றது. கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கக் கூடியது. அதை உண்ணும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது.

அழகு நிலையங்களில் தொகுப்பாக விற்கும் விலையுயர்ந்த பொருள்கள் குறித்தும் கேட்கிறார்கள். விலையைப் பாராமல் உறையில் அச்சிட்ட பெயர்களைப் பாருங்கள். சாலிசிலிக் அமிலம் உள்ள முகக்கழுவி நல்லதே. ஆனால் அது துணை மட்டுமே.

நான் அஞ்சுவது வேறொன்றை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். சிவப்பளிக்கும் கிரீம் என்று தோழியோ கடைக்காரரோ தரும் குழாய்களில் இவை கலந்திருப்பதுண்டு. பூசிய சில நாள்களில் பரு அடங்கும், முகம் வெளுக்கும். அதனால்தான் நம்பிக்கை பிறக்கிறது. மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து முன்னிலும் மிகுதியாகப் பரு வெடிக்கும். அதைக் கண்டு அஞ்சி மீண்டும் அதையே பூசுவார்கள். மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டுப் பூச்சு விற்பதைத் தடுக்க 2018ஆம் ஆண்டு மத்திய அரசு விதியைக் கடுமையாக்கிய பின்னும் இது நின்றபாடில்லை.

இத்தகைய கிரீமை நீண்ட நாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல், எங்களிடம் வாருங்கள். படிப்படியாக விடுவிக்க வழி உண்டு. வரும்போது முகத்தில் பூசும் அனைத்தையும், தீர்ந்துபோன குழாய்களையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்து வாருங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் உறையைப் பார்த்து நாங்கள் அறிந்துகொள்வோம்.