ஓர் எலெக்ட்ரானின் தானம்

திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவிலுள்ள மூதாட்டி ஒருவருக்குப் பதினைந்தே நாட்களுக்குள் இருமுறை மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்க நேர்ந்தது. முதல் மருத்துவமனையில் எடுத்த படத்தை இரண்டாவது மருத்துவமனை ஏறிட்டும் பாராமல், புதிதாக எடுத்து வரச் சொன்னதே காரணம். வீட்டார் செலவுக்காக வருந்தினார்கள். என் மனமோ, அந்தக் கிரணங்கள் அவருடைய சரீரத்துக்குள் என்ன செய்துவிட்டுப் போயின என்ற கேள்வியிலேயே நின்றது.

எக்ஸ் கிரணமானது உயிரணுவின் ஊடே செல்லும்போது, நேராகவோ, அங்குள்ள நீரைச் சிதைத்து அதன் வாயிலாகவோ, டி.என்.ஏ.யிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. டி.என்.ஏ.யின் நான்கு காரங்களுள் எலெக்ட்ரானை எளிதில் இழப்பது குவானினே. ஆகையால் சங்கிலியில் வேறோரிடத்தில் நேர்ந்த இழப்பும் மெல்ல நகர்ந்து குவானினிடம் வந்து தங்கிவிடக்கூடும். அந்த வெற்றிடம் நிரம்பாது போனால், குவானின் ஆக்ஸிஜனேறி உருமாறி, அடுத்த பிரதி எடுக்கப்படும்போது சைட்டோசினுக்குப் பதிலாக அடினைனோடு இணைந்து, மரபெழுத்தில் பிழை புக வழி செய்கிறது.

ஆனால் டி.என்.ஏ. அநாதையாக நிற்பதில்லை. ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் ஒவ்வொரு திரளையும் சுமார் 147 கார இணைகளின் நீளத்துக்குத் தழுவிச் சுற்றிக்கொண்டே அது வாழ்கிறது. இந்தத் தழுவலின் பயனை ஆராய விரும்பிய கலிபோர்னிய விஞ்ஞானிகள், நேர்மின்னுள்ள லைசின் என்னும் அமினோ அமிலங்களுக்கு நடுவே டைரோசினையோ டிரிப்டோபேனையோ வைத்த சின்னஞ்சிறு பெப்டைடுகளை டி.என்.ஏ.யோடு ஒட்டவிட்டுக் காமாக் கிரணங்களைப் பாய்ச்சியபோது, குவானினில் தங்கிய சேதம் குறைந்திருக்கக் கண்டார்கள். பெப்டைடு தன் எலெக்ட்ரானைக் குவானினுக்கு ஈந்துவிட்டுத் தான் குறைபட்டு நின்றது. அந்தக் குறையைத் தீர்க்க வைட்டமின் சி போன்ற சிறு மூலக்கூறுகளால் இயலும். இத்தனை நேர்த்தியான தானத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. எனினும், கொடுப்பவர் அருகில் இருந்தால்தான் கொடை கைகூடும். மேலும் இவை கண்ணாடிக் குழாயில் கண்டவை என்பதையும் நான் மறக்கவில்லை.

புரதம் என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார்: புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதை உலகுக்கு 1963-இல் வரைபடமாகக் காட்டியவர், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தைக் கண்டதும் இதே எக்ஸ் கிரணங்களின் துணையால்தான். ஆகவே கிரணத்தின்மீது எனக்குப் பகையில்லை. அதை யோசனையின்றிச் செலவிடுவதே என்னை வருத்துகிறது.

மருத்துவர்கள், ஒரு படத்தின் தீங்கு அற்பம், நோயைத் தவறவிடுவதே பெருந்தீங்கு என்பார்கள், உண்மைதான். ஆயினும் மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்றால், மார்பு சி.டி.க்குச் சுமார் 7. இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஓராண்டு முழுவதும் பெறும் உலகச் சராசரியோ 2.4. பழைய படம் கையில் இருக்கும்போதே மறுபடியும் அந்த ஏழு மில்லிசீவர்ட்டைச் சேர்ப்பது எந்த நியாயத்தில் அடங்கும்?

மூதாட்டி மூன்றாவது மருத்துவரிடம் புறப்பட்ட அன்று, பரண்மேல் கிடந்த பையை நானே இறக்கி, படங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கையோடு கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். புதிய படம் கேட்கவில்லை.