வெயிலும் மேனியும்

செஞ்சிக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி எழும் குன்றின்மேல், காஞ்சிக் கைலாசநாதர் ஆலயத்தைச் சமைத்த அதே இராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலில், மகுடம் தரித்து, குடைநிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் உமாதேவியின் சுவர்ச் சித்திரத்தைக் கண்டவர்கள், இத்தனை நூற்றாண்டுகளின் வெயிலும் ஈரமும் அந்த முகத்தின் சோபையை முற்றும் போக்கிவிடவில்லையே என்று வியப்பது இயல்பு. சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய வர்ணம் உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். மனித தேகத்தைப் போர்த்திய சருமமோ, அடியில் புதிய உயிரணுக்களை உற்பத்தி செய்து மேலே அனுப்பி, பழையவற்றை உதிர்த்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் தன் மேற்பரப்பைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இத்தகைய சக்தி வாய்ந்த ஒன்றுக்கு நாம் செய்யவேண்டிய உபகாரம் சொற்பம். அதற்கு நாம் இழைக்கும் அபசாரங்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மல்லாட்டை பிடுங்கியும் நாற்று நட்டும் பகல் முழுதும் வியர்வையில் நனைகிற இந்தச் சீமை மக்களுக்கு ஸ்நானத்தைப் பற்றி எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆனால் குளித்தபின் துவட்டுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கழுத்து மடிப்பு, அக்குள், மார்பின் கீழ்ப்புறம், தொடையிடுக்கு, கால் விரல்களின் சந்து ஆகிய இடங்களில் துண்டை ஒற்றி ஈரத்தை வாங்கிவிட்டு உலர்ந்த பருத்தி ஆடையை உடுத்துகிறவரைப் படர்தாமரை எளிதில் அண்டாது. சருமத்தின் மேற்பரப்பு இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது, சோப்போ காரம். ஆகையால் அழுக்கும் வியர்வையும் சேரும் இடங்களுக்கு மட்டும் சோப்பும், கைகால்களுக்கு வெறும் நீரோ பயற்றமாவோ போதும். மார்கழி, தை மாதங்களில் கால்கள் வெள்ளை பூத்து வெடிக்கும்போது, மேனியின் ஈரம் முழுதும் காயுமுன் சிறிது தேங்காயெண்ணெயைத் தடவினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் தங்கும். முகத்தில் பரு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும், பருவைக் கிள்ளாமல் இருப்பதும் நலம்.

பாவாடை நாடாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பல வருஷங்கள் இடுப்பில் ஒரே இடத்தில் இறுகக் கட்டிய நாடா அங்கே கறுப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். வேட்டி இறுகிய இடத்தில் அபூர்வமாகப் புற்றுநோயே தோன்றக்கூடும் என்பதைப் பம்பாய் நோயியல் நிபுணர் கானோல்கர் 1945-இலேயே எழுதிவைத்தார். அகலமான நாடாவைத் தளர்த்திக் கட்டுவதும், முடிச்சின் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும் காசு செலவில்லாத காரியங்கள்.

என் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று. இடுப்பில் வட்டமாகப் படை தோன்றி அரித்தால், மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் கலப்புக் களிம்பு ஒன்றை வாங்கித் தடவுகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுவதால் அதைச் சஞ்சீவி என்றே நம்புகிறார்கள். அந்தக் களிம்பில் இருக்கும் ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்குமேயொழியப் படைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. தேகத்தின் எதிர்ப்பு ஒடுங்கிய நிலையில் பூஞ்சை ஆழ வேரூன்றி, நிறுத்திய மறுவாரமே முன்னிலும் அகலமாகப் படரும். அதையே முகம் வெளுக்கவென்று மாதக்கணக்கில் பூசும் பெண்களுக்கோ சருமம் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவந்து தெரிந்து, பருவும் ரோமமும் தோன்றி, வெயிலில் நிற்கவே எரிகிறது. இத்தகைய களிம்புகள் பலவற்றை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-இல் விதித்தும், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. படைக்கு உரிய மருந்தை, அரிப்பு நின்ற பின்னும் வைத்தியர் குறித்த வாரங்கள் வரை விடாமல் பூசவேண்டும். வீட்டில் பாதிக்கப்பட்ட அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெறவேண்டும். துண்டைப் பொதுவில் வைக்காமல், துணிகளை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும்.

இந்த முகப்பூச்சு மோகத்தின் மூலம் நிறத்தைப் பற்றிய நம் மயக்கமே. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. மயக்கம் மாறியதாகத் தெரியவில்லை. கருமை நோயன்று, சூரிய கிரணங்களின் தீங்கிலிருந்து சருமத்தைக் காக்கும் இயற்கைக் கவசம் அது. வெளுக்க வைக்கும் பூச்சுகள் சிலவற்றில் கலந்திருக்கும் பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கவல்லது. கன்னத்தில் மங்கு படர்ந்தவர்கள் காலை பத்திலிருந்து பிற்பகல் நான்கு மணி வரை குடையோ முக்காடோ இன்றி வெளிச் செல்லாதிருப்பதும், தவிர்க்க முடியாதபோது வெயில் காப்புக் களிம்பைத் தாராளமாகப் பூசுவதும் அவசியம்.

குழந்தைகளின் கன்னத்தில் வெளிறித் தோன்றும் தேமல் பெரும்பாலும் அபாயமற்றது, காலப்போக்கில் தானே மறையும். ஆனால் உடம்பில் எங்கேனும் வெளிறியோ சிவந்தோ இருக்கும் திட்டில் பஞ்சு நுனியால் தொட்டால் உணர்ச்சி தெரியாவிட்டால், அது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். அதில் எந்தப் பூச்சையும் பூசிக் காலம் கடத்தாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால், முற்றும் குணமாக்கும் கூட்டு மருந்தை, ஆறு மாதமோ ஒரு வருஷமோ நோய்க்குத் தக்கபடி, இலவசமாகவே கொடுக்கிறார்கள்.