வாக்கு இல்லாதவர்கள் நிறுத்திய சாலை

ரொறன்ரோவின் ஆலன் ரோட்டில் தெற்கு நோக்கி வருகிற வாகனங்கள் எல்லாம் எக்ளிண்டன் வீதியில் முட்டி நின்றுவிடும். நேரே போக வழி கிடையாது. இடமோ வலமோ திரும்பவேண்டும். மாலை வேளையில் அந்தச் சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கும்போது, "இந்த ரோட்டை ஏன் இதோடு விட்டார்கள்?" என்று சலித்துக்கொள்ளாதவர்கள் குறைவு. நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். விடை தெரிந்த நாள் முதல் அந்த விளக்கில் எனக்குச் சலிப்பு வருவதில்லை.

1968ஆம் ஆண்டு வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. நியூயோர்க்கில் ஹட்சன் தெருவில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ், நகரங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். அவருடைய இரண்டு மகன்களும் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்படும் வயதில் இருந்தார்கள். பிள்ளைகளைப் போருக்கு அனுப்ப மனமில்லாமல் குடும்பம் அந்த ஆண்டே ரொறன்ரோவுக்கு வந்தது. கணவர் ராபர்ட் கட்டடக் கலைஞர். மருத்துவமனைகளை வடிவமைப்பதில் தேர்ந்தவர். அவருக்கு இங்கே வேலை கிடைத்தது. அந்த ஆண்டுகளில் இதே காரணத்துக்காகப் பல்லாயிரம் அமெரிக்க இளைஞர்கள் கனடாவுக்குள் வந்தார்கள். பிள்ளையின் உயிருக்காக நாட்டை விட்டவர்களின் மனம் நமக்கு விளக்கிச் சொல்லவேண்டிய ஒன்றல்ல.

வாடகைக்கு ஸ்பதைனா ரோட்டில் வீடு கிடைத்தது. பிறகுதான், அந்தத் தெரு வழியாகவே ஒரு விரைவுச்சாலை வரப்போகிறது என்ற செய்தி வந்தது. வடக்கிலிருந்து பள்ளத்தாக்கையும் குடியிருப்புகளையும் பிளந்துகொண்டு நகரின் நடுப்பகுதிக்கு வருகிற ஸ்பதைனா விரைவுச்சாலை அது. வடபகுதியில் வேலை அப்போதே தொடங்கியிருந்தது. நியூயோர்க்கில் கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலையை எதிர்த்ததற்காகக் கைதானவர் ஜேன். ஒரு போராட்டத்தை விட்டு வந்தவரின் வாசலில் அதே போராட்டம் வந்து நின்றது.

வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு என்று அவர் இருந்திருக்கலாம். குடியுரிமை இல்லை, எந்தத் தேர்தலிலும் வாக்கு இல்லை. ஆனாலும் பத்திரிகையில் எழுதினார், கூட்டங்களில் பேசினார். பல்கலைக்கழக ஆசிரியர்கள், மாணவர்கள், அந்தத் தெருக்களின் குடும்பங்கள் எல்லாம் ஏற்கெனவே களத்தில் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1971 ஜூன் 3ஆம் திகதி ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ் சட்டமன்றத்தில் எழுந்து சாலையை நிறுத்தினார். போக்குவரத்து மனிதர்களுக்காக இருக்கவேண்டும், கார்களுக்காக அல்ல என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். பின்னாளில், எக்ளிண்டனுக்குத் தெற்கே மூன்றடி அகலத் துண்டு நிலம் ஒன்றையும், சாலை இனி நீளாதபடி நகரசபையின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சாலை நின்ற இடத்தில் ரயில் தொடர்ந்தது. ஆலன் ரோட்டின் நடுவே வெயிலில் ஓடிவரும் சப்வே, எக்ளிண்டனில் நிலத்துக்குள் இறங்கி, இடிபடாமல் தப்பிய பகுதிகளுக்குக் கீழே போகிறது. 1978 முதல் அப்படித்தான். ஸ்பதைனா நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் அனெக்ஸ் என்கிற அந்தப் பகுதி. அல்பனி அவெனியூவில் ஜேன் குடும்பம் பிறகு வாங்கிய வீடும் அங்கேதான். முன்திண்ணை வைத்த பழைய செங்கல் வீடுகள், தெருவை மூடிய மரங்கள், நடந்துபோகிற தூரத்தில் கடைகள். 1974இல் அவர் கனடியக் குடிமகள் ஆனார். 2006இல் இறக்கும்வரை ஊர் மாறவில்லை.

இனி இன்றைய நிலை. அன்று அனெக்ஸில் பெரிய வீடுகள் அறை அறையாக வாடகைக்குக் கிடைத்தன. மாணவரும் புதிதாக வந்தவரும் அங்கே குடியேற முடிந்தது. இன்று அங்கே ஒரு வீடு பத்து லட்சம் டொலருக்கு மேல். காப்பாற்றப்பட்ட தெருவில், இன்று வந்திறங்கும் ஒரு குடும்பம் வாடகைக்குக்கூட நுழைவது கடினம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் தமிழர்கள் சென் ஜேம்ஸ் டவுனின் அடுக்குமாடிகளில் தொடங்கி, ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போனார்கள்.

நகர அரசியலும் மாறிவிட்டது. அன்று ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க் என்று மொத்தம் ஆறு தனித்தனி நகரசபைகள். வீதி விளக்கு எரியாவிட்டாலும் கேட்க ஆள் பக்கத்தில் இருந்தார். 1997இல் ஆறையும் ஒன்றாக்க மாகாண அரசு முனைந்தபோது ஜேன் எதிர்த்தார். அப்போது நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நாலில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் 1998 ஜனவரி 1ஆம் திகதி ஒரே நகரமானது. 2018இல் வட்டாரங்களின் எண்ணிக்கையும் 25 ஆகக் குறைந்தது. இன்று ஒரு கவுன்சிலருக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்.

மாறாதது ஒன்று. 1968இல் ஜேனுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்கு இல்லை. இன்றும் குடியுரிமை பெறாதவர்களுக்கு வாக்கு இல்லை. வரி கட்டுகிறார்கள், பஸ்ஸில் போகிறார்கள், பிள்ளைகளை இங்குள்ள பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தேர்தல் நாளில் மட்டும் வெளியே நிற்கிறார்கள். நம்மவர்களில் ஒருவர், லோகன் கணபதி, 2006இலேயே மார்க்கம் நகரசபைக்குத் தேர்வானார். பெருமைதான். ஆனால் ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவர்கள் வீட்டில் இருந்தால் போதாது.

வாக்கு இல்லாவிட்டாலும் ஒரு வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. ரொறன்ரோ நகரசபையின் குழுக் கூட்டங்களில் பேச யாரும் பெயர் பதியலாம். குடியுரிமை தேவையில்லை. கையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். உங்கள் தெருவில் பஸ் குறைக்கப்படுகிறதா, நூலகம் பூட்டப்படுகிறதா, வாடகைக் கட்டடம் இடிபடப்போகிறதா? போய்ச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் சொல்லுங்கள். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத ஒரு அம்மாவும் சேர்ந்து போராடியதால்தான், ஆலன் ரோடு எக்ளிண்டனோடு நிற்கிறது.